கேபிளுக்கு டாட்டா

போன மாசம் கேபிள் கனெக்‌ஷனை வெட்டியாச்சு. மாசம் முந்நூறு சொச்சம் கொடுத்து நாங்கள் பார்த்தது மொத்தம் ஆறு சேனல், மீதி இருநூறும் ரிமோட்டில் தாண்டிப் போவதற்கு மட்டும்தான். 2019-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புது விதி கொண்டுவந்தபோது வேண்டிய சேனலை மட்டும் வாங்கலாம் என்றார்கள், ஆனால் 130 ரூபாய் அடிப்படைக் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து எந்தக் கட்டணச் சேனலும் சேர்க்காமலேயே 153 ஆகிவிட்டது, அப்புறம் தனித்தனியாக எடுக்கப் போனால் பேக்கே தேவலாம் என்று தோன்ற வைத்துவிட்டார்கள்.

இப்போது ஃபைபர் இன்டர்நெட் மட்டும். 30 எம்பிபிஎஸ் வேகம், மாசம் 399 ரூபாய், வரியோடு 471. விளம்பரத்தில் 399-ஐத்தான் பெரிதாகப் போடுவார்கள், கவனம். ஒரு டிவியில் ஹெச்டி படம் ஓட 5 எம்பிபிஎஸ் போதும், எங்களை மாதிரி மூன்று பேர் வீட்டுக்கு 100, 200 எல்லாம் வெட்டிச் செலவு.

அம்மாவுக்குத்தான் கோபம். சீரியலுக்கு ஒரு ஆப் சந்தா கட்டினேன், அப்பாவுக்கு நியூஸ் சேனல்கள் யூடியூபில் இலவசமாகவே லைவ் ஓடுகின்றன. கிரிக்கெட்டுக்கு மேட்ச் இருக்கும் மாசம் மட்டும் சந்தா. எல்லா ஆப்பையும் வருஷம் முழுக்கக் கட்டினால் கேபிளை விட அதிகமாகும், அந்த முட்டாள்தனத்தை முதல் மாசமே செய்துவிட்டேன்.

கேபிள் அண்ணன் இன்னும் தெருவில் பார்த்தால் முறைக்கிறார்.