கியர்பாக்ஸ் ஏன் போனது என்று தெரியாமல் மாற்றாதீர்கள்

என் ஆட்டோமேடிக் பிக்கப்பில் முதல் அறிகுறி ரிவர்ஸில் வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்து லீவரை ரிவர்ஸில் போட்டால் மூன்று, நான்கு நொடி ஒன்றுமே நடக்காது. அப்புறம் 'டக்' என்று ஓர் உதை, வண்டி பின்னால் நகரும். எஞ்சின் சூடானதும் அந்தத் தாமதம் இருக்காது. அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இரண்டு மாதம் ஓட்டினேன்.

அடுத்து மேட்டில் தெரிந்தது. பாரத்தோடு ஏறும்போது, இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும் இடத்தில் எஞ்சின் மட்டும் அலறும். ஆர்பிஎம் முள் 4,000-ஐத் தொடும், வேகம் ஏறாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மெதுவாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து எஞ்சின் விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு வண்டி இரண்டாவது கியரை விட்டு நகரவில்லை. கியர்பாக்ஸ் மேலும் சேதமாகாமல் இருக்க கம்ப்யூட்டரே ஒரே கியரில் பூட்டிவிடுமாம். லிம்ப் மோட் என்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். என் பிக்கப் பின்சக்கரத்தில் ஓடுவது. முன்பக்கத்தை மட்டும் தூக்கி, பின்சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகலாம் என்றார் ஒருவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டோமேடிக்கில் ஆயில் பம்ப் எஞ்சினோடுதான் சுற்றும். எஞ்சின் நின்றிருக்கும்போது சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே சுற்றுகிற பாகங்களுக்கு ஆயில் போகாது. அரைகுறையாகக் கெட்டிருப்பது முழுதாகப் போய்விடும். நாலு சக்கரமும் மேலே ஏறுகிற வண்டிக்காகக் காத்திருந்தேன்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்கு அடியில்கூடப் படுத்துப் பார்க்கவில்லை. "கியர்பாக்ஸ் போச்சு, மொத்தமா மாத்திடுங்க" என்றார்கள். போயிருக்கலாம். ஆனால் ஏன் போனது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வண்டியைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்து பார்த்தவர் ஆட்டோமேடிக் மட்டுமே செய்கிற வயதான மெக்கானிக். ஆயிலை மாற்றினால் சரியாகுமா என்றுதான் முதலில் கேட்டேன். டிப்ஸ்டிக்கை உருவி ஒரு வெள்ளைத்தாளில் சொட்டவிட்டார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கரும்பழுப்பாக இருந்தது, கருகிய வாடை அடித்தது. "தம்பி, தேய்ஞ்ச கிளட்ச் பிளேட்டுக்குப் புது ஆயில் ஊத்தி என்ன ஆகப்போகுது?" என்றார். கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டை, அதாவது பேனைக் கழற்றி வடித்தாலும் பாதி ஆயில்கூட வராது, மீதி எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற டார்க் கன்வெர்ட்டரிலேயே நின்றுவிடும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

ஸ்கேனரில் இரண்டு பிழைக் குறியீடுகள் வந்தன: பி0700, பி0733. முதலாவது, கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ பிரச்சனை என்று மட்டும் சொல்லும். இரண்டாவதுதான் விஷயம்: மூன்றாவது கியரின் விகிதம் தப்பாக இருக்கிறது. ஆட்டோமேடிக்குக்குள் பல கிளட்சுகள் உண்டு; எந்தக் கியரில் எந்தக் கிளட்ச் பிடிக்கும் என்ற அட்டவணையை எடுத்து என்னிடம் காட்டினார். என் வண்டியில் மூன்றாவது கியருக்கும் ரிவர்ஸுக்கும் பொதுவாக ஒரு கிளட்ச் இருந்தது. காலையில் ரிவர்ஸ் தாமதமானதும் மேட்டில் மூன்றாவது வழுக்கியதும் ஒரே இடத்துக் கோளாறு. இரண்டு மாதமாக அது எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

அப்புறம் பேனைக் கழற்றினார். காந்தத்தில் சாம்பல் நிற மசை ஒட்டியிருந்தது. அது எல்லா வண்டியிலும் இருப்பதுதான், பயமில்லை. பேனின் அடியில் கறுப்புத் துகள்கள் படிந்திருந்தன. அவை கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பொருள். பெரிய உலோகச் சில்லுகள் இல்லாததால் பல்சக்கரங்கள் தப்பித்தன என்றார். கேஜ் மாட்டிப் பார்த்ததில் ஆயிலின் மெயின் பிரஷரும் சரியாக இருந்தது. அதாவது பம்ப் நன்றாக இருக்கிறது.

கிளட்சுகளுக்கு ஆயிலைப் பிரித்து அனுப்புகிற வால்வ் பாடியை இறக்கிய பிறகு அவர் செய்த சோதனையை நான் மறக்க மாட்டேன். ஒவ்வொரு கிளட்சுக்கும் ஆயில் போகிற துளையில் காற்றைச் செலுத்தினார். நல்ல கிளட்சுகள் உள்ளே 'தொப்' என்று கெட்டியாக அமர்ந்தன. அந்தப் பொதுக் கிளட்சில் மட்டும் 'உஸ்ஸ்...' என்று காற்று கசிந்தது. பிரித்தபோது பிஸ்டனின் ரப்பர் சீல் பிளாஸ்டிக் போல இறுகியிருந்தது, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை. ஆறியிருக்கும்போது கசியும், சூடானால் கொஞ்சம் இளகி அடைக்கும். கசிவினால் பிடிமானம் குறைந்து, வழுக்கி வழுக்கி, பிளேட்டுகள் கருகிவிட்டன.

சரி, சீல் ஏன் இறுகியது? சூடு. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்பதற்கு வண்டியின் முன்பக்கம் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற ஆயில் கூலரின் இடுக்குகளில் சேறு காய்ந்து அடைத்திருந்தது. காற்று போக வழியே இல்லை. அத்தோடு என் பழக்கமும் சேர்ந்துகொண்டது. பாரம் இழுக்கும்போது ஓவர்டிரைவை, அதாவது சீரான வேகத்துக்கான உயர் கியரை, ஆஃப் செய்யச் சொல்லி வண்டியின் கையேட்டிலேயே இருக்கிறது, நான் செய்ததில்லை. மேட்டில் கியர் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் லாக் ஆகாமல், அதாவது எஞ்சினோடு நேரடியாகப் பூட்டிக்கொள்ளாமல், சுற்றும்போது உண்டாகும் சூடு முழுவதும் ஆயிலில்தான் இறங்குகிறது. முதல் இடத்தில் சொன்னபடி வேறு கியர்பாக்ஸை வாங்கி மாட்டியிருந்தால், அதே அடைபட்ட கூலர் அதையும் கருக்கியிருக்கும்.

அதே கியர்பாக்ஸை ஓவர்ஹால் செய்வது என்று முடிவானது. கிளட்ச் பிளேட்டுகள், எல்லா சீல்கள், ஃபில்டர் புதிது. டார்க் கன்வெர்ட்டரையும் மாற்றச் சொன்னேன், உள்ளே தங்கிய துகள்களைக் கழுவி எடுக்க முடியாது. கூலரைக் கழுவினால் போதாதா என்று அவருடைய உதவியாளர் கேட்டார். அதையும் புதிதாகவே போட்டுக்கொண்டேன். புதுப் பிளேட்டுகளை மாட்டுவதற்கு முன் ஆயிலில் ஊற வைத்தார்கள். கன்வெர்ட்டரைப் பொருத்தும்போது அது மெல்லச் சுழன்று 'டொக்', 'டொக்' என்று படிப்படியாக உள்ளே இறங்கியது. கடைசிப் படி இறங்காமல் போல்ட்டை முறுக்கினால் பம்ப் உடைந்துவிடுமாம். அதனால் ஆழத்தை அளவுகோல் வைத்துப் பார்த்த பிறகே வண்டியில் ஏற்றினார்.

முதல் சில நாட்கள் கியர் மாறுவது கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது. பழைய தேய்மானத்துக்குப் பழகிய கம்ப்யூட்டர் கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகக் கற்க விட்டிருந்தார்கள். பாரம் ஏற்றாமல், எல்லாக் கியரும் மாறும்படி நிதானமாக ஓட்டினேன். தானாக மென்மையாகிவிட்டது.

ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றையும் மாட்டியிருக்கிறேன். போன வாரம் அதே பாரத்தோடு, ஓவர்டிரைவை ஆஃப் செய்து, அதே மேட்டில் ஏறினேன். மூன்றாவது கியர் விழுந்ததே தெரியவில்லை. உச்சியில் மீட்டர் 94 டிகிரி காட்டியது. இறங்கத் தொடங்கியதும் 90-க்கு வந்தது.