மலையகத்துக்கு எத்தகைய உளமருத்துவர்கள் வேண்டும்?

இலங்கையில் உளமருத்துவ நிபுணர்கள் போதாது என்பதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் நிபுணர்களின் தொகையைக் கூட்டினால் குறை தீர்ந்துவிடும் என்று சொல்லி அத்தோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. உயர்தரம் சித்தியடைந்த மாணவி ஒருத்தி மருத்துவ பீடத்தில் ஐந்தாண்டு கற்று, உள்ளகப் பயிற்சியை முடித்து, பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சையில் தேறி, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பயிற்சி பெற்று நிபுணராக வெளிவரும்போது ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றிருக்கும். அதற்குப் பின்னும் அவர் நாட்டில் தங்குவார் என்பதற்கு உறுதி இல்லை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின் எத்தனை மருத்துவர்கள் விமானமேறினார்கள் என்பதை நாம் பார்த்தோம். போனவர்களைப் பழிப்பதில் பயனில்லை. பொகவந்தலாவை, மஸ்கெலியா போன்ற மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதிகள் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது என்பதே என் கவலை.

நம் நாட்டில் இடைப்படி ஒன்று ஏற்கெனவே உண்டு. சுனாமிக்குப் பின் 2005இல் வகுக்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, அங்கொடை போன்ற பெரிய வைத்தியசாலைகளில் குவிந்திருந்த சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்ல முனைந்தது. உளமருத்துவத்தில் ஓராண்டு டிப்ளோமா பெற்ற மருத்துவர்களும், குறுகிய காலப் பயிற்சி பெற்ற உளநல மருத்துவ அதிகாரிகளும் நிபுணர் இல்லாத இடங்களில் பணியாற்றுவது இந்த ஏற்பாட்டினால்தான். மலையகத்துக்கு முதலில் பெருக்க வேண்டியவர்கள் இவர்களே என்பதும், இவர்களுடைய பயிற்சியில் குடியும் போதையும் ஓரத்தில் வைக்கும் பாடமாக இருக்கக் கூடாது என்பதும் என் கருத்து.

தோட்டங்களில் குடியைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒழுக்கம்தான் முந்திக்கொள்ளும், மருத்துவம் பின்னால் போய்விடும். நான் மருத்துவன் அல்லன், தோட்டப் பாடசாலை ஆசிரியன். ஆயினும் கார்த்திகை பிறக்கும்போதெல்லாம் ஒரு பயம் வருகிறது. பல ஆண்டுகளாக நாள் தவறாமல் சாராயமோ கசிப்போ (கள்ளச்சாராயம்) குடித்துவந்த ஒருவர் ஐயப்பனுக்கு மாலை போடுவதற்காக ஒரே நாளில் அதை முற்றாக விட்டுவிடுகிறார். வீட்டார் மகிழ்கிறார்கள். அன்றோ மறுநாளோ கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கி, தூக்கம் கெட்டு, இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியவும் இருக்குமிடம் மறக்கவும் ஆரம்பிக்கிறது. சிலருக்கு வலிப்பும் வருகிறது. லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், அதற்குச் சாமி குற்றம் என்றோ காத்து கறுப்பு என்றோ காரணம் சொல்லப்பட்டு, ஆள் பூசாரியிடம் கொண்டுபோகப்படுகிறார். உண்மையில் அது மூளைக்குப் பழகிப்போன மது திடீரென நின்றதால் வரும் நோய். கவனியாமல் விட்டால் உயிரையே கொண்டுபோகும். டயசிபாம் போன்ற மருந்தை அளவாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, தயமினும் ஏற்றினால் பெரும்பாலோர் சில நாட்களில் தேறிவிடுவார்கள்.

இதை அடையாளங்காண நிபுணர் வேண்டியதில்லை. தோட்ட மருந்தகத்தில் இருக்கும் வைத்திய உதவியாளருக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் சில நாள் முறையான பயிற்சி போதும். குடியின் அளவையும் தீங்கையும் அறிவதற்கு உலக சுகாதார நிறுவனம் தொகுத்த பத்துக் கேள்விகளைச் சில நிமிடங்களில் கேட்டு முடிக்கலாம். விரதத்தை யாரும் தடுக்கத் தேவையில்லை. மாலை போடுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் ஒருவர் தோட்டத்தில் இருந்தால் போதும்.

மொழிப் பிரச்சினை இதைவிடக் கடினமானது. அயலில் உள்ள ஒருவரை அவருடைய மனைவி மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, மொழிபெயர்ப்பதற்காக நானும் உடன் சென்றிருந்தேன். மருத்துவர் பொறுமையானவர், நல்லவர். சிங்களமும் ஆங்கிலமும் மட்டுமே அறிந்தவர். சாக வேண்டும் என்ற எண்ணம் வருவதுண்டா என்று அவர் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். தன் பிள்ளையின் வாத்தியார் கேட்கும்போது, அதுவும் மனைவி பக்கத்தில் இருக்கும்போது, எந்த மனிதர் ஆம் என்று சொல்வார்? பல குடும்பங்களில் இந்தக் கேள்வியைத் தகப்பனிடம் கேட்பது பாடசாலை செல்லும் மகள். உடலில் வரும் காய்ச்சலுக்குச் சைகையாவது உதவும். உளமருத்துவத்தில் பேச்சுத்தான் பரிசோதனை.

ஆகவே தமிழ் பேசும் மருத்துவர்கள் வேண்டும். அவர்களுள் மலையகத்திலிருந்தே வருபவர்கள் அதிகமாக வேண்டும். நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டங்களாகக் கணிக்கப்பட்டுப் பல்கலைக்கழக அனுமதியில் அவற்றுக்குச் சலுகை உண்டு. ஆனால் உயர்தர உயிரியல் பிரிவைத் தமிழில் முறையாக நடத்தும் தோட்டப்புறப் பாடசாலைகள் மிகச் சிலவே என்பதால், அந்தச் சலுகை தோட்டப் பிள்ளைகளை எட்டுவது அரிது. உளமருத்துவர் பற்றாக்குறை பேராதனை மருத்துவ பீடத்தில் தொடங்குவதில்லை. இரசாயனவியல் ஆசிரியர் இல்லாத வகுப்பறையில் தொடங்குகிறது. (ஆசிரியன் என்பதால் இதை இன்னும் நீளமாகச் சொல்லத் தோன்றுகிறது, இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.)

நிபுணர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. இளைஞரிடையே பரவும் ஐஸ் (மெத்தம்பெட்டமின்) போதைக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லாததால் அங்கே நீண்டகால உளவளத் துணையும் தேர்ச்சி பெற்ற மேற்பார்வையும் அவசியம். மேற்பார்வை இல்லாமல் தனியே விடப்படும் டிப்ளோமா மருத்துவரும் விரைவில் சலித்து இடமாற்றம் கேட்பார். போதைச் சிகிச்சையில் தேர்ந்த நிபுணர் ஒருவர் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை போன்ற இடத்துக்கு வாரம் ஒருமுறை வந்து, கடினமான நோயாளிகளைத் தாமே பார்த்து, மற்றவர்களைப் பற்றி இளைய மருத்துவர்களோடும் தோட்ட உதவியாளர்களோடும் கலந்தாலோசித்தால், ஒருவரின் அறிவு பலருடைய கைகளில் வேலை செய்யும். நோயாளியும் ஹட்டனில் பஸ் மாறி நுவரெலியா வரை போய் அன்றைய பேரை, அதாவது நாட்கூலியை, இழக்க வேண்டியிராது. கிளினிக் நாளைத் தீர்மானிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மாதத்தின் 10ஆம் திகதியை, அதாவது சம்பள நாளை ஒட்டி அதை வைத்துவிடாதீர்கள். அன்று வர வேண்டியவர்களில் பாதிப் பேர் தவறணையில் இருப்பார்கள்.