உறைபனி மண்ணில் சைலோ: பைலின் நீளத்தை முடிவுசெய்வது காலி எடை

தானியம் சேமிக்கும் உயரமான கொள்கலனான சைலோவுக்குப் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் அடித்தளத் தூண்) என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, நிரம்பினால் எத்தனை டன் என்பதைத்தான். எத்தனை பைல் வேண்டும் என்பது அதிலிருந்து வந்துவிடும். ஆனால் மண் ஆழமாக உறையும் இடங்களில் பைலின் நீளத்தையும் கம்பியையும் முடிவுசெய்வது பெரும்பாலும் காலி சைலோதான். சில சமயம் சைலோவே இன்னும் எழும்பாத வெறும் பைல்.

தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும். தரை எழும்புவதற்கு அது சிறு காரணமே. உறையும் மட்டம் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சி, மண்ணுக்குள் தகடு தகடாகப் பனியை வளர்க்கிறது. நுண் வண்டல் இதற்கு மிகவும் தோதான மண். மண் பொறியாளர் காசகிராண்டே 1932இல் சொன்ன அளவுகோல் இன்றும் முதல் சல்லடையாக உதவுகிறது: பல அளவுத் துகள்கள் கலந்த மண்ணில் 0.02 மி.மீ.க்கும் நுண்ணியவை 3 சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை, ஒரே சீரான மண்ணில் 10 சதவீதம். சாதாரண சல்லடைச் சோதனை 0.075 மி.மீ.யோடு நின்றுவிடும். அதைவிட நுண்ணிய துகள்களை அளக்கும் ஹைட்ரோமீட்டர் சோதனையையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மண் எவ்வளவு ஆழம் உறையும் என்ற உறை ஆழத்துக்குச் சராசரிக் குளிர்காலம் போதாது. 30 ஆண்டுப் பதிவில் மிகக் கடுமையான மூன்று குளிர்காலங்களின் உறைகுறியீட்டுச் (குளிரின் கடுமையும் நாட்களும் சேர்ந்த அளவு) சராசரியை எடுப்பது வழக்கம். கட்டடத்துக்கு அடியில் மண் உறையாது என்ற நினைப்பு இங்கே செல்லாது. சைலோவுக்குள் சூடேற்றம் கிடையாது; காற்றோட்ட விசிறி குளிர்காற்றைத் தளம்வரை தள்ளும்; லாரி வரச் சுற்றிலும் பனியை வாரிவிடுவதால், மண்ணுக்கு இருந்த போர்வையும் போய்விடும்.

இனி மேல்நோக்கு இழுவை. உறைந்த மண் பைலின் பக்கத்தைப் பற்றிக்கொண்டு தூக்கும். நுண்மண்ணில் இந்தப் பற்றுக்கு கான்கிரீட் பைல் என்றால் 65 கிலோபாஸ்கல், ஸ்டீல் பைல் என்றால் 100 என்று எடுப்பது கனடிய நடைமுறை. 400 மி.மீ. விட்டமுள்ள கான்கிரீட் பைலின் சுற்றளவு 1.257 மீ. உறை ஆழம் 2 மீ. என்றால் தூக்குவிசை 163 கிலோநியூட்டன். பைல் 10 மீ. நீளம், நீர்மட்டம் அதற்கும் கீழே, உறை ஆழத்துக்குக் கீழே உராய்வு 25 கிலோபாஸ்கல் என்று வையுங்கள். பாதுகாப்புக்காக மூன்றால் வகுத்தால் 8 மீட்டருக்கு 84 கிலோநியூட்டன். பைலின் சொந்த எடையில் 90 சதவீதம் மட்டும் எண்ணினால் 27. காலி சைலோவும் ராஃப்டும் (பைல்களின் மேல் அமரும் கான்கிரீட் தளம்) சேர்ந்து பைலுக்கு 75 தந்தால், அதில் 90 சதவீதம் 67. மொத்தம் 178, தப்பிவிடும். அதே பைலை இலையுதிர்காலத்தில் போட்டுவிட்டு, மேலே எதையும் கட்டாமல் குளிரைக் கடத்தினால் கையில் இருப்பது 111தான். பைல் எழும்பும். வெறும் பைலாக நிற்க வேண்டுமானால் 14 மீ. தேவை. தானியத்தின் எடையை இந்தக் கணக்கில் ஒருபோதும் சேர்க்கக்கூடாது.

கோடையில் பைலை மேலே இழுத்துப் பார்க்கும் இழுவைச் சோதனை செய்தால், மேல் 2 மீட்டரின் உராய்வும் முடிவில் கலந்துவிடும். குளிரில் அதே 2 மீட்டர்தான் எதிரி. அந்தப் பகுதியில் மண் படாதபடி பைலைச் சுற்றிக் குழாய் மாட்டிச் சோதியுங்கள், அல்லது அதன் பங்கைக் கழித்துவிடுங்கள்.

பைலுக்குள் வைக்கும் கம்பிக்கூட்டை மேல் 3 மீட்டரோடு நிறுத்துவது அடிக்கடி பார்க்கும் தவறு. இழுவிசை உச்சத்தில் இருப்பது உறைமட்டத்தின் அடியில். அதற்குக் கீழே மெல்ல மெல்லத்தான் குறையும். கூடு முடியும் இடத்தில் பைல் இரண்டாக அறுந்து, மேல்துண்டு மட்டும் ஆண்டுக்காண்டு எழும்பும். மேற்கண்ட விசைக்கு நான்கு 16 மி.மீ. கம்பி போதும், ஆனால் அடிவரை போக வேண்டும். துளையின் வாயில் கான்கிரீட் வழிந்து காளான் குடைபோல் விரிவதும் ஆபத்து, பனி அதன் அடியில் பிடித்துத் தூக்கும். மேல்பகுதிக்கு அட்டைக்குழாய் அச்சு வைத்து வார்த்தால் இது வராது.

பைலைச் சுற்றிச் சரளை கொட்டினால் பிரச்சினை தீரும் என்று நம்புகிறவர்கள் உண்டு. வடிகால் இருந்தால் சரி. தண்ணீர் தேங்கிய சரளை ஸ்டீல் பைலோடு உறைந்தால் பற்று 150 கிலோபாஸ்கல்வரை போகும், நுண்மண்ணைவிட மோசம்.

ராஃப்டுக்கும் தரைக்கும் நடுவே 100 முதல் 150 மி.மீ. இடைவெளி அவசியம். நசுங்கும் அச்சுப்பலகை வைத்தால், அது நசுங்கும்போது தரும் அழுத்தத்தையும் தூக்குவிசையோடு கூட்டுங்கள். அந்த இடைவெளியில் தண்ணீர் நிரம்பி உறைந்தால் இடைவெளி இருந்தும் பயனில்லை. ஓரத்தில் தரையை வெளிப்பக்கம் சரித்து விடுங்கள்.

பனி உருகும் பருவத்தில் மேல்மண் குழம்பாகிவிடும். காலி சைலோமீது காற்று அடிக்கும் கணக்கில் அந்த ஆழத்துக்குப் பக்கவாட்டுத் தாங்கல் பூஜ்யம் என்றே வைப்போம். தானியத்தை மேலேற்றும் எலிவேட்டர் கோபுரத்தை மட்டும் ஆழமில்லாத அடித்தளத்தில் நிறுத்திச் செலவை மிச்சம் பிடிப்பார்கள். கோபுரம் எழும்பும், சைலோ அசையாது, இடையிலுள்ள நடைபாலத்தின் போல்ட்கள் வெட்டுப்படும். கோபுரமும் பைல்மீதே நிற்கட்டும்.