மனையியல் அறையும் ஆவணிக் கத்தரிக்காயும்

மறக்க முடியாத ஓர் ஆசிரியரைப் பற்றி எழுதித் தாருங்கள் அக்கா என்று எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுத் தங்கைமார் கேட்டார்கள். கணித ரீச்சரைப் பற்றியும் ஆங்கில ரீச்சரைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மனையியல் ரீச்சரைப் பற்றி எழுதுகிறேன். அவருக்கென்று யாரும் இதுவரை இந்த மலரில் ஒரு பக்கம் ஒதுக்கியதாக நினைவில்லை. எழுதுவதற்கு இதுதான் சரியான மாதமும்கூட. ஆவணி பிறந்தால் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் பின்வளவில் தக்காளி, கத்தரி, சுக்கினி, குடைமிளகாய் எல்லாம் ஒரேயடியாகக் காய்த்துக் கொட்டும். அதை எப்படிச் சமைப்பது என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பதில் முழுவதும் அவரிடம் படித்தது.

1970களின் நடுப்பகுதியில் கொழும்பில் இருந்தவர்களுக்கு அந்தக் காலத்தை விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய் எதுவும் வராது. கூப்பன் அரிசி போதாது. பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசை. அந்த இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்க் கமக்காரர் நிமிர்ந்தார்கள். வெள்ளவத்தையில் மாதச் சம்பளத்தில் ஓடிய எங்கள் வீடுகள் திண்டாடின. யாழ்தேவியில் யாராவது சொந்தக்காரர் வந்து இறங்கினால் கோட்டை ஸ்டேசனுக்கு ஐயாவோடு ஓடுவோம். அவர்கள் கொண்டுவரும் கடகத்தில் முருங்கைக்காயும் ஊர்க் கத்தரிக்காயும் இருக்கும்.

பாடசாலையிலும் மாற்றம். 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தோடு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை போய் என்.சி.ஜி.ஈ. என்ற தேசியப் பொதுக் கல்விச் சான்றிதழ் வந்தது. கைவேலையோடு சேர்ந்த பாடங்களை எல்லாப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்றார்கள். பெற்றோர் பலருக்கு அது பிடிக்கவில்லை. டொக்டராக வேண்டிய பிள்ளைக்கு அடுப்படிப் பாடம் எதற்கு என்று பெற்றோர் கூட்டத்தில் வெளிப்படையாகவே கேட்டார்கள். ரீச்சர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அவர் பதில் எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம் வகுப்பில் வெப்பமானியோடு வந்து நின்றார்.

மனையியல் அறை கட்டடத்தின் கடற்பக்கக் கோடியில் இருந்தது. காலி வீதி பஸ் இரைச்சல் அங்கே வராது, ரயில் போகும்போது மட்டும் யன்னல் அதிரும். இரண்டு மண் அடுப்பு, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு அலுமாரி. கேக், பாண் சுடும் போறணை கிடையாது. கேட்டால் வாங்கித் தரும் காலமும் அது இல்லை. ரீச்சர் தானே ஒன்று செய்தார். அகன்ற பெரிய சட்டியின் அடியில் இரண்டு அங்குலத்துக்கு ஆற்று மணல். மணலில் மூன்று சின்னக் கல். அதன்மேல் தகரத் தட்டு. சட்டியின் வாயை இரும்புத் தகட்டால் மூடி, அந்தத் தகட்டின் மேலே சிரட்டைத் தணல். கீழே அடுப்பு, மேலே தணல். நத்தாருக்கும் பிறந்தநாளுக்கும் கேக் சுட வீடுகளில் பலர் செய்யும் வேலைதான் இது. அதைக் காய்கறிக்குச் செய்து பார்த்தது எங்கள் ரீச்சர். உள்ளே சூடு பிடித்துவிட்டதா என்று பார்க்க வெள்ளைக் கடதாசித் துண்டு ஒன்றைத் தட்டில் வைப்பார். அது எத்தனை நிமிடத்தில் பழுப்பாகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும்.

அன்றைய பாடம் ஈரவெப்பமும் உலர்வெப்பமும். அவித்தல், வேகவைத்தல் ஒரு பக்கம். சுடுதல், வாட்டுதல் மறுபக்கம். பாடப்புத்தகத்தில் நாலு வரி. ரீச்சர் ஒரே அளவான கத்தரிக்காய்களை இரண்டு பங்காக வெட்டச் சொன்னார். ஒரு பங்கைச் சின்னத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மற்றதைப் பெரிய தட்டில் துண்டுக்குத் துண்டு விரல் அளவு இடம் விட்டுப் பரப்பினார். எண்ணெய் அளவு ஒன்று, உப்பு அளவு ஒன்று, நேரமும் ஒன்று. எடுத்துப் பார்த்தால் முதலாவது தட்டில் வெளிறிய, தண்ணீர் விட்ட கத்தரிக்காய். இரண்டாவதில் ஓரம் கறுத்து, நடு இளகி, வாசனை அறை முழுக்க.

"பிள்ளையள், நெருக்கிப் போட்டால் அவியும், விட்டுப் போட்டால்தான் சுடுபடும். தண்ணி போகாமல் நிறம் வராது, நிறம் வராமல் ருசி வராது" என்றார்.

அந்த இரண்டு வரிக்குள் எவ்வளவு இருந்தது என்பது பிறகு இரசாயனவியல் படிக்கும்போதுதான் விளங்கியது. தக்காளியிலும் சுக்கினியிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 95 பங்கு தண்ணீர், கத்தரிக்காயில் 92. அந்த ஈரம் மேற்பரப்பில் இருக்கும்வரை அங்கே சூடு 100 பாகை செல்சியஸைத் தாண்டாது. போறணை 220இல் நின்றாலும் அப்படித்தான். ஈரம் வற்றி, மேற்பரப்பு 140 பாகை அளவுக்கு ஏறினால்தான் வெல்லமும் அமினோ அமிலமும் சேர்ந்து நிறமும் மணமும் தரும் தாக்கம் வேகம் பிடிக்கும். லூயி காமில் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912இல் விவரித்தது இது. துண்டுகளை நெருக்கி வைத்தால் ஒன்றிலிருந்து வரும் ஆவி மற்றதை நனைத்துக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் விஷயம். எங்கள் உயர்தர வகுப்பில் இதைப் படித்தபோது புதிதாக எதுவும் இருக்கவில்லை. மனையியல் அறையில் நாங்கள் தின்று பார்த்த பாடம்.

அன்று மிஞ்சிய முழுக் கத்தரிக்காய்களைத் தணலில் நேரே போட்டுச் சுட்டார். போடுமுன் முள்ளுக்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்த வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஆவி கட்டி வெடிக்கும். தோல் கரியாகிச் சுருங்கியதும் உரித்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு சேர்த்துப் பிசைந்து, கட்டித் தேங்காய்ப்பால் விட்டு, கடைசியாகத் தேசிக்காய்ப்புளி. சுட்ட கத்தரிக்காய்ச் சம்பல். நம் சமையலில் நெருப்பும் காய்கறியும் நேருக்கு நேர் சந்திக்கும் மிகச் சிறந்த கறி இதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். காலிமுகத்திடலுக்குப் பக்கத்து ஹோட்டல்களில் சாப்பிட்டுப் பழகிய வகுப்புத் தோழி ஒருத்தி பாணின் அடித்துண்டை வைத்துச் சட்டியை வழித்துத் தின்றாள்.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அந்த வகுப்பு எங்கெங்கோ போய்விட்டது. அதை இங்கே விரிக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்த கதை.

இனி என் பின்வளவு. ரொறன்ரோவில் மே மாத விக்டோரியா நாள் விடுமுறை தாண்டினால்தான் கத்தரி, தக்காளிக் கன்றுகளை நம்பி நிலத்தில் வைக்கலாம். ஆவணியில் அறுவடை குவியும். இரவுகள் குளிரத் தொடங்கினால் கத்தரி காய்ப்பதைக் குறைத்துவிடும், ஒக்ரோபரில் உறைபனி வந்து எல்லாவற்றையும் முடித்துவிடும். அதனால் இந்த ஆறேழு வாரமும் எங்கள் வீட்டில் சுட்ட காய்கறிதான். பறித்த தக்காளியை மட்டும் தயவுசெய்து குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். குளிர் பட்டால் மணம் போய்விடும். மேசையில் கிடக்கட்டும்.

கத்தரிக்காயை ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, உப்புப் பிரட்டி அரை மணித்தியாலம் வடியவிடுவேன். வெட்டிய கத்தரிக்காய் பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடிக்கும். உப்புப் பட்டு உள்ளே இருக்கும் காற்றறைகள் சுருங்கினால் அவ்வளவு குடிக்காது. பிறகு துணியால் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். ரீச்சர் இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார், ஈரக் கையோடு தட்டுப் பக்கம் போனாலே பார்வை வரும். சுக்கினி அதிகம் தண்ணீர் விடுவதால் கொஞ்சம் தடிப்பாக வெட்டுங்கள். இலைக்குக் கீழே ஒளிந்து முழங்கை அளவு வளர்ந்துவிட்ட சுக்கினி என்றால் நடுவிலுள்ள விதைச் சோற்றைக் கரண்டியால் வழித்து எறிந்துவிடலாம். குடைமிளகாயை அகலக் கீற்றுகளாகவும், சிவப்பு வெங்காயத்தை அடித்தண்டு பிரியாமல் எட்டாகவும் பிளக்கலாம். உள்ளியை உரிக்காமல் பல்லாகப் போடுங்கள், தோலுக்குள்ளேயே களியாக வெந்துவிடும்.

தக்காளிக்குத் தனித் தட்டு. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பல வீடுகளில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, தக்காளிச் சாற்றில் மற்றவை அவிந்து கிடப்பதைக் கண்டிருக்கிறேன். பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே பார்க்க வைத்தால் சாறு அதற்குள்ளேயே வற்றி இறுகும்.

போறணையை 220 பாகைக்கு, இங்கத்தைய கணக்கில் 425 பாரன்ஹீட்டுக்கு, முன்கூட்டியே சூடாக்கி, வெறும் தட்டையும் உள்ளே வைத்துக் காயவிடுங்கள். இரண்டு கத்தரிக்காய், இரண்டு சுக்கினி, மூன்று குடைமிளகாய், இரண்டு வெங்காயத்துக்கு நாலு மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய் போதும். நல்லெண்ணெயிலும் செய்வேன், அது வேறொரு ருசி. கத்தரிக்காயில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் பார்த்துப் போடுங்கள். பெருஞ்சீரகம் ஒரு தேக்கரண்டி, இடித்த மிளகு. ஒரே அடுக்காகப் பரப்பி, இருபது நிமிடத்தில் ஒருமுறை புரட்டி, மொத்தம் 35 முதல் 45 நிமிடம். இடையில் அடிக்கடி கிளற வேண்டாம், தட்டோடு ஒட்டிக் கிடக்கும் பக்கம்தான் நிறம் பிடிக்கும். கடைசி ஐந்து நிமிடத்தில் எண்ணெய் தடவிய கறிவேப்பிலை. வெளியே எடுத்ததும் உள்ளியைப் பிதுக்கிப் பிரட்டி, தேசிக்காய் பிழிந்து, சுட்ட தக்காளியை மேலே வைத்துவிடுங்கள். சோறு, பாண், பிட்டு எதற்கும் போகும். அடுத்த நாள் மிச்சத்தைத் தேங்காய்ப்பாலில் ஒரு கொதி கொதிக்கவிட்டால் நல்ல சொதி.

போறணை இல்லாதவர்களுக்கு ரீச்சரின் மணல் சட்டி இருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் கொழும்பில் எரிவாயுவுக்கு வரிசை, ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருக்கும் என் தங்கச்சியும் அதே ரீச்சரிடம் படித்தவள்தான். மொட்டைமாடியில் சிரட்டைக் கரி மூட்டி, சட்டி, மணல், தகடு எல்லாம் வைத்துப் பூசணிக்காயும் கத்தரிக்காயும் சுட்டு, கீழ்வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கும் கொடுத்திருக்கிறாள். படம் அனுப்பினாள். துண்டுகளுக்கிடையே விரல் அளவு இடம் இருந்தது.

சங்கம் பாடசாலைக்குக் காசு சேர்க்கும்போதெல்லாம் கணினி, நூலகம், விளையாட்டுத் திடல் என்றுதான் பட்டியல் போகிறது. எல்லாம் வேண்டியவைதான். மனைப்பொருளியல் என்ற பெயரில் அந்தப் பாடம் இன்றும் சாதாரண தரத்தில் இருக்கிறது. அடுத்த பட்டியலில் அந்த அறைக்கு ஒரு மின்போறணையும், நல்ல தடிப்பான தட்டுகள் சிலவும், வெப்பமானிகளும் சேர்க்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் பங்கு என்னுடையது. புரட்டாதி ஒன்றுகூடலுக்குச் சுட்ட காய்கறியும் என் பொறுப்பு. உங்கள் வளவில் மிஞ்சும் கத்தரிக்காயையும் சுக்கினியையும் முதல்நாள் பின்னேரமே கொண்டுவந்து தந்துவிடுங்கள்.