பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கும்பகோணத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் மனப்பாடம் செய்யும் சொற்களில் ஒன்று 'அசிடியுவஸ்லி'. 'விடாமுயற்சியுடன்' என்று பொருள் எழுதி வைத்திருப்பார்கள். மார்க் வாங்க அது போதும். ஆனால் அதைப் படித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிற ஆள்தான் கண்முன் வருகிறார். இந்தச் சொல்லின் வேரில் இருப்பவரோ உட்கார்ந்திருக்கிறார்.

லத்தீனில் 'அட்' என்றால் அருகில். 'செடேரே' என்றால் உட்கார்வது. இரண்டும் சேர்ந்து 'அசிடேரே', பக்கத்தில் உட்கார்வது. அதிலிருந்து பிறந்த 'அசிடுவுஸ்', ஒன்றை விட்டு அகலாமல் தொடர்ந்து அதிலேயே இருப்பதைக் குறித்தது. ஆங்கிலத்துக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டில். வரி நிர்ணயிக்கும் 'அசெஸர்' கூட இந்த வீட்டுப் பிள்ளைதான். லத்தீனில் அவர் நீதிபதியின் பக்கத்தில் உட்கார்ந்து உதவியவர்.

வகுப்பில் இதற்கு நான் சொல்லும் உதாரணம் சுவாமிமலை. என் சித்தப்பா அங்கே ஒரு சிலைப் பட்டறையில் இருக்கிறார். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் முதலில் உருவம் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டலைக் குழைத்துப் பூசுவார்கள். அந்த மண் அவ்வளவு நைசு, நகக்கோடு கூட அச்சில் விழுந்துவிடும். (வண்டலுக்கு ஆங்கிலத்தில் 'செடிமென்ட்'. தண்ணீருக்கடியில் மெல்ல உட்கார்ந்தது என்று அதுவும் 'செடேரே'யிலிருந்து வந்ததுதான். இது எனக்குத் தெரியவந்த அன்று அவ்வளவு சந்தோஷம்.) அப்புறம் மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால் ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான்.

வெளியே வரும் சிலை கரடுமுரடாக இருக்கும். அசிடியுவஸ்லி இங்கேதான் தொடங்குகிறது. சித்தப்பா தரையில் அதனருகே உட்கார்ந்து அரத்தால் ராவுவார். சிற்றுளியால் நகை, மடிப்பு, விரல் என்று ஒவ்வொன்றாகத் தெளிவாக்குவார். சித்தி சாப்பிடக் கூப்பிட்டால், "இரு, இந்த விரலை முடிச்சுட்டு வரேன்" என்பார். அவசரமும் இல்லை, எழுந்து போவதும் இல்லை.

சரி, 'டெனேஷியஸ்லி'க்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதன் வேர் 'டெனேரே', பிடித்துக்கொள்வது. யாரோ பிடுங்கப் பார்க்கும்போதும் கையை விடாத உறுதி அதில் இருக்கிறது. வருடக்கணக்காக நிலத்துக்கு வழக்கு நடத்துகிறவருக்கு அதைப் போடுங்கள். நோயாளியின் கட்டிலருகே இராப்பகலாக இருந்து கவனித்தவருக்கு அசிடியுவஸ்லி.