பூ கட்டப் பழகினேன்: மூணு வாரக் கணக்கு

வீட்டிலிருந்தே வேலை. நாள் முழுக்கப் பேச்செல்லாம் திரையோடு. ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. மதுரையில் எங்கள் சந்தில், சாயங்காலம் நாலு மணியானால் எதிர்வீட்டு அத்தை ஒரு முறம் மல்லிகை மொட்டோடு வாசப்படியில் உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் நானும் போய் உட்கார்ந்தேன்.

"இதெல்லாம் உனக்கு எதுக்கு மருமகனே?" என்று சிரித்தார். பூக்கடையில் மாலை கட்டுவதெல்லாம் ஆம்பளைகள்தானே என்றேன். வாழைநாரை நீட்டிவிட்டார்.

முதல் நாள்: இடது கையில் நார். ரெண்டு மொட்டு இந்தப் பக்கம், ரெண்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர வைக்க வேண்டும். மேலே ஒரு சுற்று. பிறகு விரலில் கண்ணி போட்டுக் காம்பில் மாட்டி இழுக்க வேண்டும். அத்தை செய்கையில் கண்ணி போட்டதே தெரியாது. நான் அரை மணி நேரத்தில் எட்டுக் கண்ணி போட்டேன். பெருமையாகத் தூக்கிக் காட்டினேன். அஞ்சு உதிர்ந்தது.

"பூவ ஏன் நெரிக்கிற? நாரை இறுக்கு."

நாலாம் நாள் நூலுக்கு மாறினேன். நூல் அறாது, ஆனால் கொஞ்சம் அழுத்தினால் காம்பையே அறுத்துவிடுகிறது. மறுபடி வாழைநார். காய்ந்தால் படக்கென்று முறியும், அதனால் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்குக் காம்பு நீளம். என்னைப் போன்ற கத்துக்குட்டிக்கு அதுதான் பிடிமானம்.

விடிகாலையில் பறித்த மொட்டு பொழுது சாய்ந்தால் வாய் திறந்துவிடும், அதற்குள் முடித்தாக வேண்டும். ரெண்டு கையும் மாட்டிக்கொண்டிருப்பதால் செல்லைத் தொட வழியில்லை. நாலைந்து தடவை அடித்தது, விட்டுவிட்டேன்.

ரெண்டாவது வாரம்தான் பேச்சு வந்தது. ரெண்டு பேர் கண்ணும் பூவில் இருப்பதால் முகம் பார்க்க வேண்டியதில்லை. மாமா போன பிறகு ராத்திரிச் சோறு ஆக்குவதையே விட்டுவிட்டதாக அத்தை முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அண்ணனோடு ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்று நானும் சொன்னேன். யாரிடமும் சொல்லாதது. அத்தை புத்தி எதுவும் சொல்லவில்லை. "ம்" என்றார், அடுத்த கண்ணியைப் போட்டார்.

தூக்கம் முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். மூணு நாள் வேலை இழுத்துக்கொண்டதில் போகவில்லை. அந்த மூணு ராத்திரியும் பழைய கதைதான். கழுத்துவலி வேறு புதுசாக வந்திருக்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் பரவாயில்லை.

இன்றைய நிலவரம்: ஒரு முழத்துக்கு இருபத்தைந்து நிமிஷம். அத்தைக்கு அஞ்சே நிமிஷம். நான் கட்டியதைத் தன் முழங்கையில் வைத்து அளந்தார். நாலு விரற்கடை குறைவு, நடுவில் ஒரு கோணல் வேறு. அதை எடுத்துப்போய் மாமா படத்துக்குப் போட்டார்.

"அவரும் கோணல்தான், விடு."

அடுத்த வாரம் கனகாம்பரம். காம்பு இன்னும் மெலிசு.