பொட்டு வந்து போகும் நாட்கள்

பிப்ரவரி 9

தெருப் பூனைக்குச் சாப்பாடு வைக்க ஆரம்பித்ததிலிருந்து நடப்பதை எழுதி வைக்கலாம் என்று இருக்கிறேன். வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்பும் செம்பட்டையும் திட்டுத் திட்டாக, நெற்றியில் மட்டும் வட்டமாக ஒரு கறுப்பு. அதனால் பொட்டு. நேற்று வரை தட்டை வைத்துவிட்டு நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால்தான் வாய் வைப்பாள், இன்று நான் படியில் உட்கார்ந்திருக்கும்போதே வந்து சாப்பிட்டாள். அதுவும் வாலை நேராகத் தூக்கிக்கொண்டு வந்தாள். பூனை வாலை நட்டுக்கொண்டு வந்தால் சிநேகமாக வருகிறது என்று அர்த்தம், குட்டி தாயிடம் போவதும் அப்படித்தான்.

பெண் என்று எப்படித் தெரியும் என்று தம்பி கேட்டான். மூன்று நிறமும் இருந்தால் அநேகமாகப் பெண்தான். செம்பட்டை நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, கறுப்பும் செம்பட்டையும் ஒரே உடம்பில் வர இரண்டு எக்ஸ் வேண்டும், ஆணுக்கு இருப்பது ஒன்று. மிக அபூர்வமாக மூன்று நிறத்தில் ஆணும் பிறக்கும். சரி, பெண் என்றால் அடுத்து வரும் கேள்வி குட்டி. அது இப்போதே மனதில் ஓடுகிறது.

பிப்ரவரி 11

பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுவந்து, "பூனைக்குப் பால் இல்லாம என்னம்மா வைக்கிறே" என்றார். அவர் அன்பாகக் கொண்டுவந்ததை எப்படி மறுப்பது? தாய்ப்பால் குடிக்கும் வயது தாண்டியதும் பூனைகளுக்குப் பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கிற நொதி குறைந்துவிடும், பெரும்பாலானவற்றுக்கு வயிறு போகும், அதுவும் தெருவில் இருக்கிற பூனைக்கு வயிறு போனால் பார்க்க ஆள் கிடையாது என்று பொறுமையாகச் சொன்னேன். "அப்போ தண்ணி வைக்கட்டுமா" என்றார். அதுதான் உண்மையில் வேண்டியது. வாய் அகலமான பாத்திரத்தில், சாப்பாட்டுத் தட்டுக்குக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேன். சாப்பாட்டுக்கு ஒட்டி இருக்கும் தண்ணீரைவிடத் தள்ளி இருப்பதைத்தான் நிறையப் பூனைகள் குடிக்கும் என்று சொல்வார்கள். பொட்டுவும் அப்படித்தான்.

நான் வைப்பது பூனைகளுக்கென்றே விற்கும் உலர் உணவு, கூடவே சில நாள் வெறுமனே வேகவைத்த கோழி. உப்பு இல்லை, மசாலா இல்லை, எலும்பு இல்லை. வெங்காயமும் பூண்டும் பட்ட எதையும் வைக்கக் கூடாது, அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். கோழி மட்டுமே போட்டு வளர்த்தாலும் சரிவராது. டாரின் என்று ஒரு சத்து பூனைக்கு உணவிலிருந்துதான் போதிய அளவு கிடைக்க வேண்டும், அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். இதயத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பே 1987இல்தான் தெரியவந்தது, அதற்கு முன் டாரின் போதாத உணவையே தின்று எத்தனையோ வீட்டுப் பூனைகள் இதயம் வீங்கிச் செத்திருக்கின்றன. வேகவைத்த தண்ணீரில் டாரின் கரைந்து போய்விடுவதால், அந்தத் தண்ணீரையும் ஆறவைத்துச் சேர்த்தே ஊற்றுகிறேன். அவளுக்கு அது பிடித்தும் இருக்கிறது.

பிப்ரவரி 14

எறும்பு. தட்டை ஒரு அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்தேன், பிரச்சினை தீர்ந்தது.

பிப்ரவரி 17

தொட இன்னும் விடவில்லை. நானும் கை நீட்டவில்லை. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, நேராக முறைக்காமல், அவள் பார்க்கும்போது கண்ணை மெதுவாக மூடித் திறக்கிறேன். இன்று அவளும் திருப்பி மூடித் திறந்தாள். சசெக்ஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2020இல் இதைச் சோதித்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்: முன்பின் தெரியாத ஒருவர்கூட இப்படி மெதுவாகக் கண் சிமிட்டிவிட்டுக் கை நீட்டினால், வெறும் முகத்தோடு நீட்டுவதைவிடப் பூனைகள் அதிகம் நெருங்கி வருகின்றன. படித்தபோது நம்பினேன்தான், ஆனால் ஒரு தெருப் பூனை நமக்குப் பதில் சொல்வதைப் பார்ப்பது வேறு.

பிப்ரவரி 18

முட்டிவிட்டாள்! ஒரு விரலை அவள் மூக்கு உயரத்தில் நீட்டினேன், மோந்தாள், அப்புறம் கன்னத்தை அதில் ஓர் இழுப்பு இழுத்தாள். கன்னத்தில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன, தேய்த்தால் தன் வாசனையை நம் மேல் விட்டுவைக்கிறாள். அலுவலகத்தில் பாதி நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 22

கீழ்வீட்டுப் பையன் அவளைத் தூக்கப் பார்த்திருக்கிறான், கையில் கீறிவிட்டாள். அவன் அழுகிறான், அவன் அம்மா கோபமாக மேலே வந்தார். நியாயமான கோபம். முதலில் குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவச் சொன்னேன், கூடவே நின்றேன், பிறகு அவரோடு மருத்துவரிடம் போனேன். சின்னக் கீறல்தானே என்று விடுகிற விஷயம் இல்லை இது. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை, ஆனால் உடனே கழுவி, நேரத்தோடு தடுப்பூசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். ஊசி போட்டார்கள். மீதி தவணைகளையும் தேதி தவறாமல் போட வேண்டும் என்று அவன் அம்மாவிடமும் சொல்லி, நானும் குறித்து வைத்திருக்கிறேன்.

மாலையில் பையனை உட்காரவைத்து, பூனை வாலைப் படபடவென்று அடித்தாலோ காதைப் பின்னால் படியவைத்தாலோ உடனே விலகிவிட வேண்டும், தூக்கவே கூடாது, வயிற்றைத் தொடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். கவனமாகக் கேட்டான். பொட்டுவின் மேல் அவனுக்குக் கோபம் இல்லை, அது எனக்குப் பெரிய ஆறுதல்.

பிப்ரவரி 24

அவள் காதை நன்றாகப் பார்த்தேன். தெருப் பூனைக்குக் கருத்தடை செய்தால் மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியை நேராக வெட்டிவிடுவார்கள், மறுபடி யாரும் அதைப் பிடித்து வயிற்றைக் கிழித்துப் பார்க்காமல் இருக்க. இவளுக்கு இரண்டு காதும் முழுசாக இருக்கின்றன. ஆனால் இவ்வளவு பழகுகிற பூனைக்கு வீடு ஒன்று இருக்கலாம். பூனைக்குட்டி மனிதரோடு பழகக் கற்றுக்கொள்ளும் முக்கியமான காலம் பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான், அந்தச் சமயத்தில் யாரோ இவளைக் கையில் எடுத்திருக்கிறார்கள்.

அதனால் காகிதத்தில் ஒரு பட்டை செய்து, "இந்தப் பூனை உங்களுடையதா? கருத்தடை செய்ய நினைக்கிறேன், தயவுசெய்து அழையுங்கள்" என்று எழுதிக் கழுத்தில் தளர்வாக ஒட்டிவிட்டேன். எங்காவது மாட்டினால் தானே கிழிந்துவிடும், கயிறு கட்டினால்தான் ஆபத்து.

பிப்ரவரி 26

அழைப்பு வந்தது. பின் தெருவில் இருக்கும் ஒரு அக்கா. "யாரோ ஒரு தம்பி எழுதினதுன்னு நினைச்சேன், நீங்களா" என்று சிரித்தார். அங்கே இவள் பெயர் ராணி. காலையில் அங்கே, சாயங்காலம் என்னிடம். எதிர்வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்தபோது இவளை விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம், அன்றிலிருந்து அக்காதான் சாப்பாடு வைக்கிறார். ஒரு தடவை குட்டி போட்டு ஒன்றுகூடத் தங்கவில்லை என்று சொல்லும்போது அவர் குரல் மாறிவிட்டது. வளர்த்த பூனையை வாசலில் விட்டுவிட்டு எப்படி ஒருவரால் கதவைப் பூட்டிக்கொண்டு போக முடியும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. வீட்டுப் பூனைக்குத் தெரு தெரியாது, வண்டி தெரியாது, அது அங்கேயே கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

செலவைப் பாதிப் பாதி பார்த்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம்.

மார்ச் 2

குடியிருப்புக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. செடித் தொட்டியில் பூனை அசிங்கம் செய்கிறது, முதல் மாடியில் ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறார், பயமாக இருக்கிறது என்றார்கள். சோறு போடுகிறவர்கள் இதற்குக் காது கொடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கடைசியில் அடி வாங்குவது பூனைதான். பூனைக் கழிவு வழியாகப் பரவி வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றிய பயம் அது, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: பூனையைத் தொடுவதால் வருவதைவிட, அதன் கழிவு பட்ட மண்ணிலிருந்தும் சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும் வரும் வாய்ப்புதான் அதிகம், கழிவு வெளியே வந்து ஒரு நாளாவது கழிந்த பிறகே தொற்றும் நிலைக்கு வரும், ஆகவே தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். அந்தப் பெண் செடி வேலையைக் கொஞ்ச மாதம் விட்டுவிடட்டும், சந்தேகத்தைத் தன் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளட்டும். நான் பின்பக்கம் மணல் தொட்டி ஒன்று வைத்துத் தினமும் கையுறை போட்டு அள்ளுகிறேன், சாப்பாட்டை ஒரே நேரத்தில் வைத்து அரை மணியில் தட்டை எடுத்துவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

மார்ச் 5

ராத்திரி முழுக்க ஒரு கடுவன் பூனை கத்தல். தலை பெருத்து, கன்னம் உப்பி, காதெல்லாம் சண்டைத் தழும்பு. பொட்டு தரையில் உருண்டு உருண்டு கத்துகிறாள். இனித் தள்ளிப்போட முடியாது. பூனைக்குச் சினைக்காலம் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்தான், குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினை பிடிக்கவும் கூடும். அக்காவிடம் பேசினேன், கால்நடை மருத்துவரிடம் தேதி வாங்கிவிட்டேன். அதுவரை அவளை அக்கா வீட்டுப் பின்னறையில் அடைத்து வைப்பதாக ஏற்பாடு.

மார்ச் 9

பூனையைக் கொண்டுபோகும் கூடையை அந்த அறையிலேயே கதவு திறந்தபடி வைத்திருக்கிறோம். முதலில் சாப்பாடு கூடைக்கு வெளியே, அப்புறம் வாசலில், இப்போது உள்ளே கடைசியில். அவள் படுத்த பழைய துண்டையும் உள்ளே விரித்தாயிற்று. இன்று அதிலேயே தூங்கினாளாம், அக்கா படம் அனுப்பினார்.

உடம்பில் தெள்ளு நிறைய. நாய்க்குப் போட்ட மருந்து மீதி இருக்கிறது, தரட்டுமா என்று ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். நாய் மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், நாய் தாங்கும், பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போகும். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் தகும்.

மார்ச் 13

அறுவை முடிந்தது. சினை இல்லை. எடை 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ரேபிஸ் தடுப்பூசி, தெள்ளு மருந்து, குடற்புழு மருந்து எல்லாம் ஒரே நாளில். இடது காது நுனி போயிருக்கிறது. கூடையின் கம்பி வழியாகப் பார்த்தபோது தொண்டை அடைத்துவிட்டது, உடம்பு அவ்வளவு சின்னதாகத் தெரிந்தது.

மயக்கம் முழுதும் தெளியும் வரை உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் துண்டால் மூடி என் அறையிலேயே வைத்திருக்கிறேன். வலிக்கு மருத்துவர் கொடுத்ததைத் தவிர எதுவும் தரக் கூடாது. நம் வீட்டில் சாதாரணமாகப் போடும் பாரசிட்டமால் ஒரே மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும்.

மார்ச் 14

காலையில் சாப்பிடவில்லை. மதியமும் இல்லை. பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தால் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து நோயாகிவிடும், அதனால் மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழு மணிக்கு அக்கா வந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டதுமே இவள் எழுந்துவிட்டாள். அக்கா கையிலிருந்து கோழியைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுக்க, தின்று முடித்து அவர் மடியிலேயே திருப்தியாகக் கர்ர் கர்ர் என்று சத்தமிட்டுக்கொண்டு படுத்தாள். எனக்கு ஒரு கணம் மனதுக்கு என்னவோ போல இருந்தது உண்மைதான். ஆனால் அவளுக்கு இப்படி ஒரு மடி ஏற்கெனவே இருந்திருக்கிறது என்பதுதான் பெரிது.

மார்ச் 19

தையல் தானே கரைகிற வகை, காயம் காய்ந்து சுத்தமாக இருக்கிறது, வீக்கம் இல்லை. மருத்துவர் வெளியே விடலாம் என்றார். விட்டோம். செடிகளுக்குள் பாய்ந்து போனவள் ராத்திரி வரை வரவில்லை.

மார்ச் 20

சாயங்காலம், வழக்கமான நேரம், வால் நேராக.

மார்ச் 27

அக்கா வீட்டுப் பின்னறை ஜன்னலை அவளுக்காகத் திறந்தே வைக்கிறாராம், ராத்திரி அங்கேதான் படுக்கை. சாயங்காலச் சாப்பாடு என் பொறுப்பு, மருத்துவச் செலவு பொதுவில், யாராவது ஊருக்குப் போனால் மற்றவர் இரண்டு வேளையும் பார்க்க வேண்டும், கீழ்வீட்டுப் பையன் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் கழுவித் தருகிறான். அந்தக் கடுவன் இன்னும் சுற்றுகிறது, கையில் சிக்காத பூனை, கூடையெல்லாம் உதவாது, பொறிக்கூண்டுதான் வைக்க வேண்டும். மருத்துவமனையில் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை இரவிலிருந்து அந்தப் பக்கம் யாரும் சாப்பாடு வைக்க வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்ல வேண்டும், பசித்தால்தான் கூண்டுக்குள் நுழையும். பாட்டியிடம் மட்டும் இரண்டு தடவை சொல்ல வேண்டும்.